யார் இந்த தரம்பால்? பட்டம் இல்லாத வரலாற்றாய்வாளர் லண்டன் ஆவணங்களில் கண்டுபிடித்த தென்னாற்காடு

பொங்கல் லீவுக்கு சென்னையிலிருந்து தெற்கே கிளம்பும் லட்சக்கணக்கானவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம்: செங்கல்பட்டு, மதுராந்தகம், அச்சிறுப்பாக்கம், திண்டிவனம், விக்கிரவாண்டி டோல்கேட், விழுப்புரம். டிராஃபிக் எங்கே நிற்கும், எங்கே டீ நல்லா இருக்கும் என்பது வரை தெரியும்.

ஆனா, இதே ஊர்களைப் பற்றி 200, 250 வருஷத்துக்கு முன்னால் எடுக்கப்பட்ட கணக்குகள் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. எத்தனை பள்ளிக்கூடம், அதில் எந்தப் பிரிவுப் பிள்ளைகள் எத்தனை பேர், விளைச்சலில் ஏரிக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று ஊர் ஊராக எழுதி வைத்த கணக்குகள் அவை.

அந்தக் காகிதங்களைத் தேடி எடுத்துப் பொதுவெளிக்குக் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் தரம்பால். இலங்கையின் அநாகரிக தர்மபாலருடன் குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர் வேறு. இந்திய அறிவியல், மருத்துவம், விவசாயம், கல்வி ஆகியவற்றின் வரலாற்றை ஆவணங்களிலிருந்து எழுதியவர். வரலாற்றில் பட்டம் வாங்காதவர், எந்தப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்ததில்லை. 2006-ல் இறந்துவிட்டார். அவர் பெயரைச் சொல்லியும் சொல்லாமலும் பல செய்திகள் இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவர் உண்மையில் சொன்னது என்ன, சொல்லாதது என்ன?

எங்கிருந்து வந்தவர்?

தரம்பால் பிறந்தது 1922 பிப்ரவரி 19. ஊர், இன்றைய உத்தரப் பிரதேசத்தில் உள்ள காந்த்லா. லாகூரில் இயற்பியல் படிக்கச் சேர்ந்தார். பிறகு படிப்பு மீரட்டுக்கு மாறியது. 1940-ல் கதர் உடுத்த ஆரம்பித்தார். 1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டம் வெடித்தபோது தலைமறைவு வேலைகளில் இறங்கினார். 1943-ல் கைதாகி, சுமார் இரண்டு மாதம் டெல்லியில் காவலில் இருந்தார்.

அடுத்த வருடம் காந்தியின் சிஷ்யை மீராபென் நடத்திய ஆசிரமத்துக்குப் போனார். ரூர்க்கிக்கும் ஹரித்வாருக்கும் இடையே, விவசாயிகளுக்காக நடந்த ஆசிரமம் அது. பிரிவினையின்போது பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகளின் மறுவாழ்வுப் பணியில் இருந்தார். பிறகு இங்கிலாந்து போனார். அங்கே 1949-ல் ஃபிலிஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். திரும்பி வந்து ரிஷிகேஷ் அருகே ஒரு கூட்டுறவு கிராமத்தை உருவாக்கும் முயற்சியில் சேர்ந்தார். 1958 முதல் 1964 வரை கிராம வளர்ச்சிக்கான தொண்டு அமைப்புகளின் கூட்டமைப்பு ஒன்றின் பொதுச் செயலாளராக இருந்தார்.

சீனப் போர் நடந்த 1962-ல் நேருவை விமர்சித்து ஒரு திறந்த மடல் வெளியிட்டதற்காகக் கைதானார். சுதந்திரத்துக்காக ஜெயிலுக்குப் போனவர், சுதந்திர இந்தியாவிலும் ஒரு முறை போனார்.

ரயிலில் கிடைத்த கேள்வி

வரலாறு பக்கம் அவரைத் திருப்பிய சம்பவமாக அவர் பலமுறை சொன்னது 1960 வாக்கில் நடந்த ஒரு ரயில் பயணம். குவாலியரிலிருந்து டெல்லிக்கு மூன்றாம் வகுப்பில் போய்க்கொண்டிருந்தார். அதே பெட்டியில் லக்னோ பக்கத்துக் கிராமத்து ஆண்களும் பெண்களும் ஒரு குழுவாக இருந்தார்கள். மூன்று மாதம் ராமேஸ்வரம் வரை யாத்திரை போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பல ஜாதிக்காரர்கள். ஆனாலும் வழியில் ஒன்றாகவே சமைத்துச் சாப்பிட்டிருந்தார்கள்.

டெல்லியைச் சுற்றிப் பார்க்க மாட்டீர்களா என்று கேட்டார் தரம்பால். அவர்களுக்கு அதில் ஆர்வமே இல்லை.

புது இந்தியாவின் பெருமை என்று தன்னைப் போன்றவர்கள் நினைக்கும் எதுவும் இந்த மக்களின் வரைபடத்திலேயே இல்லை என்பது அவருக்கு உறைத்தது. கிராமத்துக்கு நல்லது செய்யக் கிளம்பிய நமக்குக் கிராமம் எப்படி இயங்கியது என்றே தெரியவில்லையே என்ற கேள்வி அங்கிருந்துதான் பெரிதானது.

தமிழ்நாடு எப்படி உள்ளே வந்தது?

1964-65 வாக்கில் அகில இந்திய பஞ்சாயத்து அமைப்புக்காக ஆய்வு செய்ய தரம்பால் சென்னை மாகாணத்துக்கு வந்தார். 1958 சட்டத்தின்படி இங்கே பஞ்சாயத்துகள் எப்படி நடக்கின்றன என்று பார்ப்பதுதான் வேலை. ஊர் ஊராகப் போனார்.

நடப்பைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் பழைய கதை தெரிய வேண்டும். அதற்காக எழும்பூரில் இருக்கும் ஆவணக் காப்பகத்துக்குள் நுழைந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் வருவாய்த் துறைக் கோப்புகளைப் புரட்டப் புரட்ட, அவர் பள்ளிக்கூடத்தில் படித்த இந்தியாவும் கோப்புகளில் இருந்த இந்தியாவும் ஒத்துப்போகவில்லை. சென்னைப் பஞ்சாயத்து முறை பற்றிய அவரது புத்தகம் இந்தத் தேடலிலிருந்து வந்தது.

1966-லிருந்து குடும்பத்தோடு லண்டனில் தங்கினார். இந்தியா ஆபீஸ் நூலகம், பிரிட்டிஷ் மியூசியம் இரண்டும் அவருடைய தினசரி இடங்களாகின. பெரிய வருமானம் இல்லை. ஜெராக்ஸ் எடுக்கக் காசு வேண்டும், பல பழைய கையெழுத்துப் பிரதிகளை ஜெராக்ஸ் எடுக்கவும் விடமாட்டார்கள். அதனால் கையாலேயே பக்கம் பக்கமாகப் பிரதி எடுத்தார், பிறகு டைப் செய்ய வைத்தார். இப்படிச் சேர்ந்த ஆயிரக்கணக்கான பக்கங்கள் டிரங்குப் பெட்டிகளை நிரப்பின. இந்த வாழ்க்கை 1980-களின் தொடக்கம் வரை நீடித்தது.

அறிவியல்: 1971 புத்தகத்தில் என்ன இருந்தது?

18-ம் நூற்றாண்டு இந்திய அறிவியல், தொழில்நுட்பம் பற்றிய அவருடைய புத்தகம் 1971-ல் வந்தது. அதில் தரம்பால் எழுதியது ஒரு நீண்ட முன்னுரை. மீதி எல்லாம் ஐரோப்பியர்கள் தங்கள் கண்ணால் பார்த்து எழுதிய அறிக்கைகள். இந்தியர்களைப் புகழ வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை என்பதால்தான் அவற்றைத் தேர்ந்தெடுத்தார்.

காசி வானியல் கூடம், இந்திய இயற்கணிதம், மத்திய இந்தியாவிலும் தென்னிந்தியாவிலும் சிறிய உலைகளில் இரும்பு உருக்கிய முறை, அலகாபாத்தில் ஐஸ் தயாரித்தது எனப் பட்டியல் நீளும். நம்ம ஊர் சமாச்சாரமும் உண்டு. மெட்ராஸில் சுவருக்குப் பூசிய சுண்ணாம்புக் கலவையைப் பற்றி ஐசக் பைக் என்பவர் 1732-ல் எழுதிய குறிப்பு அது. சுண்ணாம்போடு வெல்லத் தண்ணீர், கடுக்காய், முட்டை சேர்ப்பதை லண்டன் ராயல் சொசைட்டி இதழில் விளக்கியிருக்கிறார். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு புரியும்.

இன்னொரு கட்டுரையின் வேர் திண்டிவனத்திலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிறது. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1768-ல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜெந்தில், 1769-ல் அந்த நாள் மேகம் மூடியதால் கோட்டைவிட்டார். ஆனால் உள்ளூர்த் தமிழ்க் கணிதர்களிடம் கிரகணம் கணக்கிடும் முறையைக் கற்றுக்கொண்டு போனார். அவர் எடுத்துச் சென்ற அட்டவணைகளும் ஐரோப்பாவில் பெரிய விவாதத்தைக் கிளப்பின. எடின்பரோ பேராசிரியர் ஜான் பிளேஃபேர் 1790-ல் எழுதிய கட்டுரை அந்த விவாதத்தின் பகுதி. அதைத் தரம்பால் தன் தொகுப்பில் சேர்த்திருக்கிறார்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. இந்திய வானியல் அட்டவணைகள் கி.மு. 3102-ல் நேரடியாக வானத்தைப் பார்த்து எழுதப்பட்டவை என்று பிளேஃபேர் நம்பினார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. பிற்காலத்தில் இருந்து பின்னோக்கிக் கணக்கிடப்பட்ட தொடக்கப் புள்ளி அது என்பதே இன்றைய நிலை. பழைய ஆவணத்தில் இருக்கிறது என்பதாலேயே ஒரு விஷயம் உண்மையாகிவிடாது.

மருத்துவம்: தடுப்பூசிக்கு முன்னால் என்ன இருந்தது?

கோவிட் ஊசிக்கு வரிசையில் நின்ற தலைமுறைக்கு இந்தப் பகுதி சுவாரஸ்யமானது. வங்காளத்தில் வேலை பார்த்த ஹோல்வெல், 1767-ல் லண்டன் மருத்துவர்களுக்காக ஒரு அறிக்கை எழுதினார். பெரியம்மைக்கு வங்காளத்தில் மக்கள் செய்துகொண்ட அம்மைக் குத்தல் பற்றியது.

அம்மை பரவும் கோடைக்கு முன்பே, பிப்ரவரி, மார்ச் மாதங்களில், குத்துபவர்கள் ஊர் ஊராக வருவார்கள். முந்தைய வருடம் குத்தியவர்களின் கொப்புளத்திலிருந்து எடுத்து வைத்த பொருளைக் கையில் லேசாகக் கீறி ஏற்றுவார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பே மீன், பால், நெய்யை நிறுத்த வேண்டும். பிறகு குளிர்ந்த நீரை ஊற்றும் முறை. லேசாக அம்மை வந்து போகும், அதோடு வாழ்நாள் பாதுகாப்பு. ஜென்னர் பசு அம்மையைப் பயன்படுத்திய 1796-க்கு ஏறக்குறைய 30 வருஷம் முந்தைய அறிக்கை இது.

அப்படியானால் தடுப்பூசியை நாம்தான் கண்டுபிடித்தோமா? இல்லை. இரண்டும் ஒன்றல்ல. அம்மைக் குத்தலில் உள்ளே போவது பெரியம்மைக் கிருமியேதான். குத்திக்கொண்டவருக்கு லேசாக வந்தாலும், அவரிடமிருந்து பக்கத்து வீட்டுக்காரருக்குக் கடுமையாகத் தொற்றலாம். ஜென்னர் முறையில் அந்த ஆபத்து இல்லை. இதே குத்தல் சீனாவிலும் துருக்கியிலும் இருந்தது. துருக்கியில் பார்த்துத்தான் 1721-ல் இங்கிலாந்துக்குக் கொண்டு போனார்கள். ஹோல்வெல் எழுதியது வங்காளத்தைப் பற்றி, தமிழ்நாட்டைப் பற்றி அல்ல என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

தரம்பாலின் வாதம் வேறு இடத்தில் இருந்தது. ஒரு சமூகம் தனக்குத் தெரிந்த வழியில், பருவம் பார்த்து, நோயைத் தடுக்க ஏற்பாடு செய்து வைத்திருந்தது. கம்பெனி ஆட்சி பழைய முறையைத் தடுத்தபோது, புதிய ஊசி எல்லோரையும் சென்றடையவில்லை. இடையில் விழுந்த இந்தப் பள்ளம் பல உயிர்களைக் குடித்தது என்றார். இந்தியா பெரியம்மையிலிருந்து முழுசாக விடுபட 1975 வரை ஆனது.

சுற்றுச்சூழல்: ஏரிக்கு ஒரு பங்கு

வரிசையாக விதை போடும் கலப்பையை ஐரோப்பா தன் நவீனக் கண்டுபிடிப்பாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், தென்னிந்திய விவசாயிகள் அதைச் சாதாரணமாகப் பயன்படுத்துவதைப் பார்த்து கேப்டன் ஹால்காட் 1795-ல் எழுதினார். மலபார் விவசாயம் பற்றிய அலெக்சாண்டர் வாக்கரின் விரிவான குறிப்பும் தரம்பாலின் தொகுப்பில் உண்டு.

ஆனால் அவரை ரொம்பக் காலம் பிடித்து வைத்திருந்தது செங்கல்பட்டுக் கணக்குகள். நவாபிடமிருந்து இந்தப் பகுதி கம்பெனிக்குக் கைமாறிய பிறகு, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற அதிகாரி சுமார் 2,000 ஊர்களை சர்வே செய்தார். நிலம் எவ்வளவு, ஏரி எத்தனை, எந்தத் தொழில் செய்பவர்களின் வீடு எத்தனை என்று எல்லாம் பதிவானது. இதோடு தொடர்புடைய தமிழ் ஓலைக் கணக்குகளும் கிடைத்தன. சென்னையில் இருந்த இளம் அறிவியலாளர்கள் பலர் 1980-களிலிருந்து தரம்பாலோடு சேர்ந்து இவற்றைப் படித்தார்கள்.

அந்தக் கணக்கில் தெரிவது ஒரு பட்ஜெட். களத்தில் நெல் அளக்கும்போதே தச்சர், கொல்லர், வைத்தியர், கணக்கர், கோயில், பள்ளி ஆசிரியர் எனப் பங்கு பிரிக்கப்பட்டது. ஏரி மராமத்துக்கும் ஒரு பங்கு உண்டு. ஏரிக் காசு ஊரிலேயே நின்றது, ஊரிலேயே செலவானது. கம்பெனி வரியை உயர்த்தி மொத்தமாக மேலே எடுத்துக்கொண்டதும், மதகு உடைந்தால்கூட மேலிடத்துக்கு மனு போட வேண்டிய நிலை வந்தது என்பது தரம்பாலின் வாதம்.

அச்சிறுப்பாக்கம் தாண்டினால் திண்டிவனம். மாவட்ட எல்லைதான் மாறும், ஏரிப் பாசனம் அதேதான். 2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டமே வெள்ளத்தில் தவித்தது. ஏரியையும் வாய்க்காலையும் யார் பார்த்துக்கொள்வது, காசு எங்கிருந்து வரும் என்ற கேள்வி 1770-களின் கேள்வி மட்டும் இல்லை.

தென்னாற்காட்டின் 84 சதவீதம்

தரம்பாலின் பெயரை எல்லோருக்கும் கொண்டு போன புத்தகம் 1983-ல் வந்த 'தி பியூட்டிஃபுல் ட்ரீ', அதாவது அழகிய மரம். 1931 அக்டோபர் 20 அன்று லண்டனில் காந்தி பேசிய பேச்சிலிருந்து எடுத்த தலைப்பு. பிரிட்டிஷார் வந்த பிறகு இந்தியாவில் எழுத்தறிவு குறைந்துவிட்டது என்று காந்தி அங்கே சொன்னார். கல்வியாளர் பிலிப் ஹார்டாக் ஆதாரம் கேட்டார். கடிதங்கள் நடந்தன, காந்தியால் முழு ஆதாரத்தைக் கொடுக்க முடியவில்லை. ஹார்டாக் தன் மறுப்பைப் புத்தகமாகவே போட்டார். அரை நூற்றாண்டு கழித்து அந்த ஆதாரத்தைத் தேடி எடுத்தவர் தரம்பால்.

சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் எல்லா கலெக்டர்களிடமும் பள்ளிக் கணக்கு கேட்டார். அடுத்த சில வருடங்களில் பதில்கள் வந்து சேர்ந்தன. மாகாணம் முழுக்க 11,575 பள்ளிகள், அவற்றில் 1,57,195 மாணவர்கள். உயர்கல்விக்கு 1,094 இடங்கள், 5,431 மாணவர்கள்.

இதில் தென்னாற்காடு தனியாக நிற்கிறது. இன்றைய விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்கள் சேர்ந்ததுதான் ஏறக்குறைய அந்தப் பழைய தென்னாற்காடு. திண்டிவனமும் விழுப்புரமும் அதற்குள் வருகின்றன. 1993-ல்தான் விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது. அந்தத் தென்னாற்காட்டுப் பள்ளிகளில் படித்தவர்களில் பிராமணர் உள்ளிட்ட மேல் வருணத்தார் சுமார் 13 சதவீதம், முஸ்லிம்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு. சூத்திரர், பிற ஜாதியினர் என்று கலெக்டர் எழுதிய பிரிவுகள் 84 சதவீதத்துக்கும் மேல். தமிழ் பேசும் மாவட்டங்களில் இதுதான் உச்சம். சேலத்திலும் திருநெல்வேலியிலும் அது 70 சதவீதத்தை ஒட்டி இருந்தது.

பழைய காலத்தில் பிராமணர்கள் மட்டும்தான் படித்தார்கள் என்று ஒற்றை வரியில் சொல்வதற்கு இந்த அட்டவணை இடம் கொடுக்கவில்லை.

அப்போ எல்லோரும் சமமாகப் படித்தார்களா?

அதுவும் இல்லை. இங்கேதான் நிதானம் வேண்டும்.

முதலில், 84 என்பது வகுப்பறைக்குள் இருந்தவர்களின் விகிதம். ஊரில் அந்தப் பிரிவினர் 100-க்கு 90 பேர் என்றால், 84 என்பது அவர்களின் பங்கைவிடக் குறைவுதான். இரண்டாவது, சூத்திரர் என்ற ஒரே தலைப்புக்குள் நிலம் வைத்திருந்தவரும் கூலி வேலை செய்தவரும் ஒன்றாக எண்ணப்பட்டிருக்கிறார்கள். சேரிப் பிள்ளைகளில் எத்தனை பேர் திண்ணையேறிப் படித்தார்கள் என்பதை அந்தத் தலைப்பிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

மூன்றாவது, பெண் பிள்ளைகள். கிட்டத்தட்ட எல்லா மாவட்டங்களிலும் அவர்களின் எண்ணிக்கை மிகச் சொற்பம். நான்காவது, மொத்த அளவு. சுமார் 1.28 கோடி மக்களில் பள்ளியில் இருந்தது 1.57 லட்சம் பேர். வீட்டில் படித்தவர்களைச் சேர்த்தால் கூடும் என்று மன்றோவே கணக்குப் போட்டார். ஆனாலும் கல்வியின் தரம் தாழ்வாக இருக்கிறது என்பதும் அவருடைய கருத்துதான்.

தரம்பால் மீதான விமர்சனமும் இதை ஒட்டியதே. பழைய கிராமத்தின் ஒழுங்கைப் பார்த்த அளவுக்கு, அதன் ஜாதி வன்முறையை அவர் பார்க்கவில்லை என்று பலர் குறை சொன்னார்கள். நியாயமான குறை. அதே சமயம், அவர் முழு அட்டவணைகளையும் கலெக்டர் கடிதங்களையும் புத்தகத்தின் பின்னால் அப்படியே அச்சிட்டார். அவரோடு முரண்படுபவர்கள் பயன்படுத்தும் ஆதாரமும் அவர் எடுத்துக் கொடுத்ததுதான்.

கடைசி வருடங்கள்

1980-களில் இந்தியா திரும்பிய தரம்பால், மகாராஷ்டிராவில் காந்தி வாழ்ந்த சேவாகிராமத்தில் தங்கினார். சென்னைக்கு அடிக்கடி வந்து போனார். மனைவி ஃபிலிஸ் 1986-ல் காலமானார். 2000-ல் கோவா பதிப்பகம் ஒன்று அவர் எழுத்துகளை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது. 2001-ல் மத்திய அரசு அமைத்த தேசியக் கால்நடை ஆணையத்தின் தலைவராக நியமிக்கப்பட்டார். 2006 அக்டோபர் 24 அன்று சேவாகிராமத்திலேயே இறந்தார். அப்போது வயது 84.

இப்போது ஏன் அவரைப் படிக்க வேண்டும்?

இந்தியா முழுக்கச் சுற்றியும் ஒரு பிச்சைக்காரரையோ திருடரையோ பார்க்கவில்லை என்று 1835 பிப்ரவரி 2 அன்று மெக்காலே பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் பேசியதாக ஒரு ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கும். அது போலி. அந்தத் தேதியில் மெக்காலே இந்தியாவில் இருந்தார். அன்று அவர் எழுதிய கல்விக் குறிப்பில் இந்த வரிகளே கிடையாது. இந்த மாதிரி செய்திகளோடு தரம்பாலின் பெயரையும் சேர்த்து ஓட்டுபவர்கள் உண்டு.

அவர் வேலை செய்த விதம் இதற்கு நேர் எதிர். ஒரு வரி எழுத நூறு பக்கம் கையால் பிரதி எடுத்தவர் அவர். நம் முன்னோர்களுக்கு எல்லாம் தெரியும் என்று சொல்பவர்களுக்கும், ஒன்றுமே தெரியாது என்று சொல்பவர்களுக்கும் அவருடைய பெட்டிகளில் சங்கடமான காகிதங்கள் இருந்தன.

உங்கள் ஊர் விழுப்புரம் பக்கமோ திண்டிவனம் பக்கமோ என்றால், அழகிய மரம் புத்தகத்தின் பின்னிணைப்பில் தென்னாற்காடு கலெக்டரின் அட்டவணையைத் தேடிப் பாருங்கள். பிள்ளைகளை எப்படிப் பிரித்து எண்ணியிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். மூலக் கோப்புகளைப் பார்க்க நினைத்தால், எழும்பூர் ஆவணக் காப்பகம் இன்றும் ஆய்வாளர்களுக்குத் திறந்துதான் இருக்கிறது.